வளப்படுத்தல் எவருக்கு உரியது?

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 1983-ஆம் ஆண்டு முழுமையாக நடைமுறைக்கு வந்த புதிய கலைத்திட்டம், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் அடிப்படையாக நிறுத்தியதோடு, ஆசிரியரின் அன்றாடப் பேச்சில் இரண்டு சொற்களையும் வேரூன்றச் செய்தது. பாடத்தில் பின்தங்கியவருக்கான கூடுதல் பயிற்சி குறைநீக்கல் எனவும், பாடத்தை விரைந்து முடித்தவருக்கான கூடுதல் வேலை வளப்படுத்தல் எனவும் வழங்கலாயின. 2011 முதல் கலைத்திட்டம் படிப்படியாக மாறியபோதும் இச்சொற்பழக்கம் மாறவில்லை. பார்வைக்கு இவ்வகைப்பாடு தீங்கற்றதே. ஆயினும் வளப்படுத்தலை அது வேகத்திற்குக் கிடைக்கும் பரிசாக ஆக்கிவிட்டதால், மெதுவாகக் கற்கும் பிள்ளையும், கற்கும் வழியே வேறாக அமைந்த பிள்ளையும் பள்ளி வாழ்வு முழுவதையும் குறைநீக்கலிலேயே கழிக்க நேர்கிறது. நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட பேராக்கில் சிறப்புக் கல்வியை ஆராயப் புகுவோர், வசதிக் குறைவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தச் சொற்சிக்கலைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துகொண்டே வந்துள்ளது என்பதை மறுக்க இயலாது. பிறர் துணையின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் பிள்ளையையே கற்பிக்கத்தக்கவராகக் கொண்ட 1997-ஆம் ஆண்டு விதிமுறைகளின் இடத்தில் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்தன. 2013 முதல் 2025 வரைக்குமான தேசியக் கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுள்ள மாணவரில் 75 விழுக்காட்டினரை உள்ளடக்கக் கல்விக்குள், அதாவது ஏனைய மாணவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கும் முறைக்குள், கொண்டுவர இலக்கு வைத்தது. 2019-இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத கொள்கையும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இவை யாவும் கணக்கிடுவது இருக்கையை. இருக்கை கிடைத்த பிள்ளைக்கு மேடையும் திடலும் கல்விச் சுற்றுலாவும் கிடைத்தனவா என்பதை எண்ணிப் பார்க்க இந்த இலக்குகளில் இடமில்லை.

சாதாரணப் பள்ளிக்குள் தனி வகுப்பாக இயங்கும் ஒருங்கிணைப்புத் திட்டத்தை எடுத்துக்கொண்டால், அதன் நிறைகள் கண்கூடானவை. வகுப்பு சிறியது, பயிற்சி பெற்ற ஆசிரியருடன் மாணவரைக் கவனிக்க உதவியாளரும் இருப்பார், மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு, பல் துலக்குவதும் சட்டைப் பொத்தான் மாட்டுவதும் பாடமாகவே மதிக்கப்படுகின்றன. அதே பாதுகாப்பு சுவராகவும் மாறிவிடுகிறது. புறப்பாட நாளில் சாரணர் அணியும் செம்பிறைச் சங்கமும் திடலில் கூடும் வேளையில், சிறப்புக் கல்வி மாணவர் வண்ணம் தீட்டும் தாளோடு வகுப்பிலேயே இருத்தப்படுவதும், ஆசிரியர் தினத்தில் ஒரு பாட்டு, விளையாட்டுப் போட்டியில் ஒரு வேடிக்கை ஓட்டம் என ஆண்டுக்கு இரு முறை வெளியே கொண்டுவரப்பட்டுப் படமெடுக்கப்படுவதும் பழகிப்போன ஏற்பாடுகள். காட்சிக்கு வைப்பதை வாய்ப்பளிப்பது என்று கொள்வதற்கில்லை.

விளையாட்டுத் துறை இதில் ஓரளவு விதிவிலக்கு. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான நீளம் தாண்டுதலில் 7.60 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற பெர்லிஸ் மாநில வீரர் அப்துல் லத்திப் ரொம்லியின் வெற்றி, கற்றல் தடையும் பெருந்திறனும் ஓர் உடலில் குடியிருக்கலாம் என்பதை நாடறியச் செய்தது. எனினும் பதக்கத்தைத் தேடும் கண் பத்துப் பிள்ளைகளில் ஒருவரையே காணும். எஞ்சிய ஒன்பதின்மரின் விருப்பம் எது என்று கேட்கும் பொறுப்பு பயிற்றுநருடையதன்று, பள்ளியுடையது.

அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1977-இல் முன்வைத்த வளப்படுத்தல் மாதிரி இங்கே பயன்படும். மீத்திறன் மாணவரை எண்ணி உருவான அது, பலவற்றையும் அறிமுகப்படுத்தல், தேவையான திறன்களைப் பயிற்றல், மாணவர் தாமே தேர்ந்த ஒன்றில் ஆழ்ந்து ஈடுபடல் என மூன்று படிகளைக் கொண்டது. பின்னாளில் அவரே அதைப் பள்ளி முழுமைக்கும் விரித்தார். முதற்படிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ரப்பர்க் காய் வெடித்துக் கொட்டைகள் சிதறும் பருவத்தில், தோட்டப்புறப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவது பழைய வழக்கம். கொட்டையின் மேலோடு தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவாவதால், ஒரு மரத்தின் கொட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே பாங்கான புள்ளியும் கோடும் அமைகின்றன. ஓட்டின் கோலத்தைக் கொண்டே இன்ன ரகத்து மரம் என்று இனங்காண்பதும் உண்டு. வரிசைப்படுத்துவதில் ஓயாத நாட்டமுடைய ஆட்டிசப் பிள்ளையின் முன் நான்கு மரங்களின் கொட்டைகளைக் கலந்து வைத்தால், அப்பிள்ளையின் 'பிடிவாதம்' என்று குறிக்கப்பட்ட பண்பு தாவரவியலின் தொடக்கமாக மாறக்கூடும். அதே பிள்ளைக்கு நூறு வரை எண்ணும் பயிற்சித்தாளை மட்டும் நீட்டுவது, தாழ்ப்பாள் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டே நிற்பதற்கு ஒப்பாகும்.

தோட்டப்பள்ளிகளின் நிலை இன்னும் நுட்பமானது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியே பல்கிய இப்பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டு, குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ந்த பின் ஆளொழிந்து, 150-க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகள் என்ற வகையில் பலவும் அடங்கின. சிறப்புக் கல்வி ஆசிரியரை அங்கே எதிர்பார்க்க இயலாது. மருத்துவ உறுதிச்சான்றுக்காகப் பெற்றோர் ஒரு நாள் கூலியை இழந்து நகர மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எனினும் இருபது பேர் பயிலும் பள்ளியில் நாடகம் போட்டால் இருபது பேரும் நடிக்க வேண்டியிருக்கிறது; உறுமி மேளக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சொகுசு அங்கே இல்லை. பேச்சு வராத பிள்ளையின் கையிலும் குச்சி வந்து சேர்வது கொள்கையால் அன்று, ஆள் பற்றாக்குறையால். நகரப் பள்ளியின் கருவியும் தோட்டப்பள்ளியின் தவிர்க்க முடியாத சேர்க்கையும் ஒரே கூரையின் கீழ் அரிதாகவே அமைகின்றன. இவற்றுள் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், பின்னதைத் தேர்வதற்கு வலுவான காரணம் உண்டு: கருவியைப் பின்னர் வாங்கலாம், விலக்கி வைத்தே வளர்த்த பழக்கத்தை அவ்வளவு எளிதில் களைய முடியாது.

இத்தடைகளோடு மொழியும் வண்டியும் சேர்கின்றன. சிறப்பு வகுப்புள்ள தமிழ்ப்பள்ளிகள் சிலவே என்பதால், வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்பில் மலாய் வழியே கற்கிறது. பேச்சே தடையாக உள்ளவருக்கு இது இரட்டைச் சுமை. பள்ளி வேன் நண்பகலுக்குப் பின் ஒரே முறை புறப்படுவதால், மாலை நடவடிக்கை என்பது தோட்டப்புறப் பிள்ளைக்குத் தாளில் உள்ள உரிமையாகவே நின்றுவிடுகிறது. தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகமும் பேராக் மாநிலத்திலேயே இருக்க, பயிற்சி ஆசிரியரைப் பள்ளி வேளையிலேயே இத்தகைய நடவடிக்கைகளுக்கு அனுப்புவது எட்டாத ஏற்பாடன்று.

சிறப்புத் தேவையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் எழுதப்படும் தனியாள் கல்வித் திட்டத்தில், பிள்ளையின் பலம், பலவீனம் இரண்டையும் குறிக்க இடமுண்டு. பலம் என்ற கட்டத்தில் 'பாட்டுக் கேட்கப் பிடிக்கும்' என்று ஒரு வரி எழுதப்படும். கீழே வரும் இலக்குகளோ பலவீனக் கட்டத்திலிருந்து மட்டுமே எடுக்கப்படும். இலக்குகளுள் ஒன்றேனும் அந்த ஒரு வரியிலிருந்து பிறக்க வேண்டும் என்று விதிப்பதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது.