சனி, ஞாயிறில் பிராக்

“ஏனுங் மாப்பிள்ளை, படிக்கத்தானுங்களே அனுப்புனோம்?” என்று மச்சான் கேட்டார்.

ஆனைமலைப் பக்கம் அவருடைய தோப்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். 2025 ஏப்ரல் மாதம். அவர் கையிலிருந்த செல்போனில், ஜெர்மனியில் படிக்கும் அவருடைய மகன், அதாவது என் அக்கா மகன், குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்த படங்கள். வியன்னாவில் ஓர் அரண்மனை வாசலில் நான்கு பையன்கள். அடுத்தது பிராட்டிஸ்லாவா. அதற்கடுத்தது புடாபெஸ்ட். வெள்ளி ராத்திரி பஸ் ஏறி, திங்கள் காலையில் திரும்பியிருக்கிறார்கள். இரண்டு நாளில் மூன்று நாட்டுத் தலைநகரங்கள். படத்தில் பையன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். மச்சான் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கி அவன் முகத்தை மட்டும் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. “சின்னப் பசங்க, போவாங்க வருவாங்க” என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரியும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இன்றைக்குத் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் படிக்கிறது. அந்த வீடுகளிலெல்லாம் இந்தக் கேள்வி சத்தமில்லாமல் இருக்கிறது. அதற்குப் பிறகு பையன் இன்னொரு பயணமும் போய்வந்துவிட்டான். இரண்டையும் பக்கத்தில் வைத்து எடைபோட இப்போது முடியும்.

முதலில் மச்சான் பக்கத்து நியாயம். அதை ‘பழைய காலத்து மனுசன்’ என்று தள்ளிவிடுவது தவறு. பையன் படிப்பது டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், ஜவுளி இயந்திரங்கள் பற்றிய முதுநிலைப் படிப்பு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, அவனுக்கும் இல்லை. ஆனால் விசா வேண்டுமானால் ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி விற்கிற நாளில் அது 12 லட்சத்துக்கு மேல். விமான டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 15 லட்சம் கல்விக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து அடமானம் கேட்கும். கொடுத்தது தோப்புப் பத்திரம். வெள்ளை ஈயும் வாடல் நோயும் புகுந்து காய்ப்புக் குறைந்துபோன தோப்பு அது.

கடனுக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 410 ரூபாய் ஏறுகிறது. படிக்கிற காலத்தில் கட்ட வேண்டியதில்லை என்பதால் ஏறாமல் இருப்பதில்லை. மூன்று தலைநகரப் பயணத்துக்குப் பையன் செலவழித்தது 260 யூரோ. தோப்புக்கு இரண்டு மாத வட்டி அது.

பையனுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அந்தக் காசு கடன் காசு இல்லை. ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சில்தான் 120 நாளிலிருந்து உயர்த்தினார்கள். 2025இல் சட்டப்படி மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 12.82 யூரோ. இருபது மணி நேரம் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்கினால் கிட்டத்தட்ட 260 யூரோ கையில் வரும். அப்படித்தான் சேர்த்திருக்கிறான்.

இதைச் சொன்னபோது மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் காசுல வட்டியக் கட்டலாமில்லீங்க?” என்றார். சரியான கேள்வி. படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் குறைக்கும் ஏற்பாடு இந்திய வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது. ஆக, ‘என் உழைப்பு, என் காசு’ என்பது முழுப் பதில் ஆகாது. அடமானத்தில் இருப்பது அவன் தோப்பு இல்லை. செலவழித்த காசுக்கு ஈடாக எது வந்தது என்று கேட்க அப்பாவுக்கு உரிமை உண்டு.

சரி, என்ன வந்தது? பயணம் முடிந்த அடுத்த வாரம் வீடியோ காலில் அவனிடம் கேட்டேன். சிங்கச் சிலை வைத்த பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்திருந்தானே, அது எந்த ஊர் என்று. யோசித்தான். “வியன்னான்னு நெனைக்கிறேன் மாமா” என்றான். அது புடாபெஸ்டின் சங்கிலிப் பாலம். வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் மூன்று ஊருக்குள்ளும் ஓடுவது ஒரே ஆறு, டான்யூப். மூன்று ஊரிலும் அதே ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அது ஒரே ஆறு என்பது நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேட்டூரிலும் பவானியிலும் கொடுமுடியிலும் இறங்கிக் குளித்துவிட்டு, மூன்றும் காவிரி என்று தெரியாமல் ஒருவன் திரும்பிவருவானா? பஸ்ஸிலேயே இரண்டு ராத்திரி தூங்கியதில் திங்கட்கிழமை வகுப்புக்கும் அவன் போகவில்லை. இந்தப் பயணத்தைப் பொறுத்தவரை மச்சான் சொன்னது முழுக்கச் சரி. பணமும் போயிற்று, படிப்பும் போயிற்று, பார்த்ததும் மனதில் நிற்கவில்லை.

ஆனால் இதை வைத்தே ‘போகவே கூடாது’ என்று முடித்துவிட முடியாது. அந்தப் பிள்ளைகள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். டிரெஸ்டனில் டிசம்பர் மாதம் சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். பன்னிரண்டு சதுர மீட்டர் அறை, ஒரு ஹீட்டர், ஒரு லேப்டாப். ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சித்தப்பா வீடு, கறிக்குழம்பு, கோயில் நோம்பி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து திங்கட்கிழமை காலை வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த வாரங்களும் உண்டு என்று அவன் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் சொல்லவில்லை. நான்கு சிநேகிதர்கள் சேர்ந்து ஒரு ரயில் ஏறுவதை ஊர் சுற்றல் என்ற ஒரே பேரில் எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது பயணம் அக்டோபரில். இந்த முறை ஒரே ஊர், பிராக். டிரெஸ்டனிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். கோவையிலிருந்து சேலம் போகிற தூரத்துக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டேகால் மணி நேரத்தில் ரயில் கொண்டுபோய்விடும். செக் நாடு 2007 டிசம்பரில் ஷெங்கன் ஒப்பந்தத்துக்குள் வந்தது. ஜெர்மனியின் வதிவிட அட்டை வைத்திருப்பவர் தனி விசா இல்லாமலே 180 நாளில் 90 நாள் வரை அந்த ஒப்பந்த நாடுகளுக்குள் போய்வரலாம். (பாஸ்போர்ட்டும் அட்டையும் கையோடு இருக்க வேண்டும். திரும்பும் வழியில் ஜெர்மன் போலீஸ் ரயிலேறிச் சோதிக்கிறது. 2023 அக்டோபரிலிருந்தே அந்த எல்லையில் இது நடக்கிறது.) லண்டனில் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் 90 யூரோ கட்டி விசாவுக்குக் காத்திருந்துதான் பாரிஸ் போக முடியும். அவர்கள் கணக்கு வேறு.

போகும்போது ரயிலில் இடப்பக்கச் சன்னலோரம் உட்காரச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்பே ஆறு அந்தப் பக்கம்தான் கூடவே வரும். எதிர்க்கரையில் மணற்பாறைகள் தூண் தூணாக நிற்கும். வால்பாறை மலை ஏறும்போது ஆழியாறு அணை கீழே தெரியுமே, அதைப் போல ஒவ்வொரு வளைவிலும் ஆறு வேறு மாதிரி தெரிந்தது என்று சொன்னான். முதல் பயணத்தைப் பற்றி அவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதல் நாள் எல்லாரும் பார்ப்பதைப் பார்த்திருக்கிறார்கள். 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம், 1410இல் வைத்த வானியல் கடிகாரம். இரண்டாம் நாள் மழை. ஒதுங்க இடம் தேடி தேசியத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். பழைய ரயில் எஞ்சின்களும் கார்களும் தரையில் நிற்க, விமானங்கள் கூரையிலிருந்து தொங்குகிற பெரிய கூடம். அங்கே மோட்டார் சைக்கிள் வரிசையில் ஒரு ஜாவா நின்றிருக்கிறது.

ஜாவா பிராக் நகரத்து வண்டி. 1929இல் யானெச்செக் என்ற செக்காரர், ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு உரிமையை வாங்கித் தொடங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் ‘ஜாவா’. வாண்டரர் இருந்த கெம்னிட்ஸ், டிரெஸ்டனுக்கு அடுத்த ஊர். அறுபதுகளில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை அதே வண்டியைச் செய்தது. அதுவே பிறகு யெஸ்டி ஆயிற்று. மைசூரிலிருந்து நம் பக்கத்துக்கு வந்த வண்டிகளில் ஒன்றைப் பையனின் தாத்தா வாங்கினார். தோப்பிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு அதில்தான் போவார். இன்றைக்கும் தேங்காய்க் கொட்டகையின் ஓரத்தில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது.

அந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். இறக்கிவிட்டால் அதுவே கியர். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அதில் ஏறினால் திணறுவார்கள். பையன் அந்த நெம்புகோலை மட்டும் கிட்டப்போய் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். கூட எதுவும் எழுதவில்லை. அரண்மனை, கோபுரம் எதற்கும் ஒரு வார்த்தை எழுதாத மச்சான் அதற்கு உடனே போன் போட்டார். அரை மணி நேரம் பேசினார்கள். இயந்திரம் படிக்கிற பையன், ஒரே துண்டு இரும்பு இரண்டு வேலை செய்வது எப்படி என்று அப்பாவுக்கு விளக்கினான். சந்தையிலிருந்து திரும்பும்போது அந்த வண்டி எந்த மேட்டில் நின்றுபோகும் என்று அப்பா மகனுக்குச் சொன்னார். செலவு மொத்தம் 115 யூரோ. ஒன்பது மணி நேர வேலை.

இந்தப் பயணத்திலும் ஒரு குறை உண்டு, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. பிராக்கில் பிறந்து, அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் கமில் சுவெலபில். 1968இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். பின்னாளில் நெதர்லாந்தின் உட்ரெக்டில் பணியாற்றினார். சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுபோனவர். நமக்குப் பக்கத்து நீலகிரியில் இருளர் பேசும் மொழியை ஆராய்ந்து புத்தகங்கள் எழுதியவர். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் கேட்கிற பேச்சை ஒரு செக்காரர் இலக்கணமாக எழுதிவைத்திருக்கிறார். அவருக்குப் பிறகும் யாரோஸ்லாவ் வாசெக் அந்த ஊரில் தமிழ் படிப்பித்தார். அந்தப் பல்கலைக்கழகக் கட்டடங்களை நம் நான்கு பையன்களும் கடந்துதான் போயிருக்கிறார்கள். ஒருவனுக்கும் தெரியாது. பிராக் போகிறேன் என்று அவன் முன்பே சொன்னபோது “குளிருக்குப் போட்டுக்கிட்டுப் போ” என்று மட்டும் சொன்னேன். சுவெலபில் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

இவ்வளவையும் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை சிநேகிதர்களோடு பக்கத்து நாட்டுக்குப் போவது வீண் செலவல்ல. படிப்பின் ஒரு பாகம்தான், சில எல்லைகளுக்குள். பரீட்சை மாதத்தில் கூடாது. தன் கூலியிலிருந்து போக வேண்டும், அதிலும் வட்டிக்கு ஒரு பங்கு ஒதுக்கிய பிறகு. ஒரு பயணத்துக்கு ஓர் ஊர். மூன்று தலைநகரை இரண்டு நாளில் தொட்டுவிட்டு வருவதை நான் தள்ளுபடி செய்கிறேன். காசு குறைவாக ஆனாலும் தள்ளுபடி. மாதம் ஒன்று என்பதும் அதிகம். ஒரு அரையாண்டுக்கு இரண்டு போதும். இதைப் பையனிடமும் சொன்னேன். இரண்டு என்பதில் முணுமுணுத்தான், மற்றதற்கு ஒத்துக்கொண்டான்.

ஆனால் பெண்பிள்ளைகளுக்கு என்று தனி எல்லை எதையும் நான் ஏற்க மாட்டேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் நெதர்லாந்தில் படிக்கிறாள். அவள் சிநேகிதிகளோடு பெல்ஜியம் போய்வந்த படத்தைப் போட்டபோது வந்த கேள்வி காசைப் பற்றி இல்லை. “யார் கூடப் போனா?” என்பதுதான். பையனுக்குக் கணக்கு கேட்டார்கள். பெண்ணிடம் நடத்தையைக் கேட்டார்கள். அவள் படங்கள் போடுவதையே நிறுத்திவிட்டாள். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் வீட்டிலிருந்து பார்வதி ஆக்ஸ்போர்டு போய்ப் படித்தது முப்பதுகளில். அங்கே சேர்ந்த நட்பு வட்டத்திலிருந்துதான் அவருடைய அரசியல் வளர்ந்தது. பின்னாளில் பார்வதி கிருஷ்ணன் ஆன அவரைக் கோவை 1957இலும் 1974இலும் 1977இலும் மக்களவைக்கு அனுப்பியது. அப்படிப்பட்ட ஊரில் தொண்ணூறு வருடம் கழித்து ஒரு பெண்பிள்ளை தன் படத்தை ஒளித்துவைக்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பையனுக்கு என்ன அளவோ பெண்ணுக்கும் அதே அளவு.

போன வாரம் தோப்புக்குப் போயிருந்தேன். கொட்டகையில் சாக்கு விலகி வண்டி வெளியே தெரிந்தது. பெட்ரோல் டேங்கைத் துணி போட்டுத் துடைத்திருக்கிறார்கள். மச்சான் குனிந்து நெம்புகோலை அழுத்தித் திருப்பினார். துரு பிடித்து இறுகியிருந்தது. பாதி வந்து நின்றுவிட்டது. செல்போனை எடுத்து மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: “ஏஞ் சாமி, அங்க இருக்கற வண்டியில இது முழுசா மடங்குதான்னு பாத்தயா?”