ஈதர் கோட்பாடு கைவிடப்பட்டது ஏன்?

ஈதர் என்பது ஒளி அலைகளைச் சுமந்து செல்வதாக 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள் கருதிய ஊடகம் ஆகும். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த சோதனை அது இல்லை எனக் காட்டியது, எனவே அது கைவிடப்பட்டது என்பது பாடநூல்களில் பரவலாகக் காணப்படும் விளக்கம். இது நினைவில் வைக்க எளிதானது. ஆனால் வரலாற்றுடன் முழுமையாகப் பொருந்துவதில்லை.

ஒலிக்குக் காற்று தேவைப்படுவது போல ஒளிக்கும் ஓர் ஊடகம் தேவை என எண்ணியது இயல்பே. ஆயினும் அதன் பண்புகள் தொடக்கம் முதலே முரண்பட்டன. ஒளி குறுக்கலை என்பதால் ஈதர் திண்மம் போல விறைப்பாக இருக்க வேண்டும். கோள்களோ அதனூடே தடையின்றிச் செல்ல வேண்டும்.

பூமி நொடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. ஈதர் அசையாமல் இருந்தால், ஒளியின் வேகம் திசைக்கேற்ப வேறுபட வேண்டும். கிளீவ்லாந்தில் அமைக்கப்பட்ட கருவியைத் திருப்பும்போது, குறுக்கீட்டுப் பட்டைகள் ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகரும் என எதிர்பார்க்கப்பட்டது. காணப்பட்ட நகர்வு இந்த எதிர்பார்ப்பில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இதனால் ஈதர் உடனே கைவிடப்படவில்லை. பூமி தன்னருகே உள்ள ஈதரை இழுத்துச் செல்கிறது என்று ஸ்டோக்ஸ் முன்பே கூறியிருந்தார். ஆனால் விண்மீன்களின் ஒளிப்பிறழ்ச்சியை அக்கருத்தால் விளக்குவது கடினமாயிற்று. பொருள்கள் இயங்கும் திசையில் சுருங்குகின்றன என 1889இல் பிட்சுஜெரால்டும், 1892இல் லொரென்சும் முன்மொழிந்தனர். 1904இல் லொரென்சு வகுத்த சமன்பாடுகள், ஈதரை வைத்துக்கொண்டே மைக்கல்சன்–மோர்லி முடிவை விளக்கின. ஆகவே அச்சோதனை மட்டும் ஈதரை மறுத்தது என்று கூற இயலாது.

ஐன்ஸ்டைன் 1905இல் வேறு வழியைத் தேர்ந்தார். சீராக இயங்கும் எல்லா நோக்கர்களுக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே. வெற்றிடத்தில் ஒளியின் வேகம், ஒளிமூலத்தின் இயக்கத்தைச் சாராது. இவ்விரு எடுகோள்களிலிருந்தே நீளச் சுருக்கம் விளைவாகக் கிடைத்தது. லொரென்சு அதைத் தனிக் கருதுகோளாகச் சேர்க்க வேண்டியிருந்தது. எந்தச் சோதனையாலும் கண்டறிய இயலாத ஓர் ஊடகம் தேவையற்றது என்பதே ஐன்ஸ்டைனின் நிலைப்பாடு. அவர் அது இல்லை என நிறுவவில்லை.

லொரென்சு இறுதிவரை ஈதரை விட்டுவிடவில்லை. ஐன்ஸ்டைனும் 1920இல் லைடனில் ஆற்றிய உரையில், பொதுச் சார்புக் கோட்பாட்டின்படி வெளிக்கு இயற்பியல் பண்புகள் உண்டு என்பதால் அதை ஒருவகை ஈதர் எனலாம் என்றார். ஆனால் அதற்கு இயக்கம் என்ற கருத்தைப் பொருத்த முடியாது என்றும் வரையறுத்தார்.

ஒரே சோதனையின் வெற்றியாக இதைக் கற்பிக்கும்போது, சமமான கணிப்புகளைத் தரும் இரு கோட்பாடுகளுக்கிடையே அறிவியல் எவ்வாறு தெரிவு செய்கிறது என்ற முக்கியமான பாடம் மாணவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது.