பிடிக்காத பந்தின் கணக்கு

மலையக மைதானங்களில் கோல்காப்பாளர் ஒருவர் தம்மை நோக்கி உயர்ந்து வரும் பந்தை இரு கைகளாலும் பற்றாமல், முட்டியால் குத்தியோ விரல்நுனியால் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டியோ வெளியேற்றும்போது, கரையில் நிற்கும் கூட்டம் அதற்கு ஒரே பொருளைத்தான் கொள்கிறது: அவருக்குக் கையில் உறுதி இல்லை, அல்லது நெஞ்சில் துணிவு இல்லை. ஹட்டன் டன்பார் மைதானத்திலாகட்டும், தோட்டங்களில் நடக்கும் எழுவர் சுற்றுப்போட்டிகளிலாகட்டும், பந்து வெளியே போன மறுகணமே எழும் “புடிச்சிருக்கலாம்ல” என்ற குரலில் அந்தத் தீர்ப்பு அடங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆட்டம் பார்த்துப் பழகியவர்களும் அணித் தெரிவுக்கு வருபவர்களும்கூட அதையே வழிமொழிவதால், அது கரையோரக் கூச்சலாக நின்றுவிடாமல் இளம் வீரர்களின் எதிர்காலத்தையே திசைமாற்றும் வலிமையைப் பெற்றிருக்கிறது. மலையகத்தின் தரையிலும் வானிலையிலும் பந்தைப் பிடிக்காமல் விடுவதே பல வேளைகளில் மிகச் சிறந்த முடிவு என்பதையும், அதைக் குறையாகக் காண்பவர்கள் ஆட்டத்தைத் தவறாகப் படிக்கிறார்கள் என்பதையும் விளக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

இங்கு கருத்திற் கொள்ளப்படும் கோல்காப்பாளரின் பெயர் அவசியமில்லை. பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை என எந்த ஊர் அணியைத் தொடர்ந்து பார்ப்பவரும் அவரை எளிதில் அடையாளம் காண்பார். உயரம் அதிகமில்லாதவர்; கோல் கோட்டிலிருந்து இரண்டு எட்டு முன்னே நிற்பவர்; பந்து கிளம்பும்போது உள்ளங்கைகளை விரித்துக் காட்டாமல், முழங்கைகளை மடித்து, விரல்களை அரைவாசி மூடியே வைத்திருப்பவர். அவரது ஆட்டம் முழுவதும் அந்த அரைவாசி மூடிய விரல்களில்தான் இருக்கிறது. விரல்கள் விரிந்தால் தட்டு, இறுகினால் குத்து, இரு கைகளும் நெருங்கினால் பிடி என்று மூன்று வழிகளும் அவருக்குக் கடைசி ஐந்தாறு மீற்றர் வரையில் திறந்தே இருக்கின்றன. பிடித்தே தீருவது என்று முன்கூட்டியே உள்ளங்கையை விரித்துவிட்டவருக்குப் பந்து கடைசி நேரத்தில் வழுக்கினாலும் திரும்பினாலும் வேறு வழி இருப்பதில்லை.

இந்த மூன்றையும் சற்றுப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பற்றுவது என்பது பந்தை இரு கைகளுக்குள் அடக்கி மார்போடு சேர்ப்பதாகும்; விதியின்படி பந்து கோல்காப்பாளரின் கைகளுக்கிடையிலோ, கைக்கும் தரைக்குமிடையிலோ இருக்கும்வரை எதிரணியினர் அவரிடமிருந்து அதைப் பறிக்க முயலக்கூடாது என்பதால், இதைவிடப் பாதுகாப்பான முடிவு வேறில்லை. குத்துவது என்பது கூட்டத்துக்குள் மிதந்து வரும் பந்தை மூடிய முட்டியால் தொலைவுக்கு அனுப்புவது; நேரெதிரே வரும் பந்தை இரு முட்டிகளையும் சேர்த்து வந்த திசைக்கே திருப்புவதும், பக்கவாட்டிலிருந்து வரும் பந்தை ஒரே முட்டியால் அது போகும் திசையிலேயே மேலும் தள்ளிவிடுவதும் இதன் இரு வகைகள். தட்டுவது என்பது விரல்நுனி படும் அளவுக்கே தொட்டு, பந்தைக் கோலுக்கு வெளியே திருப்பி, எதிரணிக்குக் கோணர் உதையைக் கொடுத்துவிடுவது. கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். ஒரு கையை மட்டும் நீட்டிப் பாய்பவர் இரு கைகளையும் ஒருங்கே நீட்டுபவரைவிடக் கூடுதலான தூரத்தை எட்டுகிறார் என்பதால், உயரம் குறைந்தவருக்குக் கோலின் மேல்மூலைகள் தட்டும் கைக்கு மட்டுமே எட்டும்.

இனி வானிலைக்கு வரலாம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை மலைநாட்டின் மேற்குச் சரிவு முதலில் வாங்கிக்கொள்கிறது. ஹட்டன், நோட்டன்பிரிட்ஜ், மஸ்கெலியா பகுதிகளில் அக்காலத்து ஆட்டம் ஒன்றேனும் காய்ந்த பந்தோடு முடிவதில்லை. ஆட்டம் தொடங்கும்போது பந்தின் நிறை 410 முதல் 450 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்று விதி சொன்னாலும், தையல் தளர்ந்த பழைய பந்து நீரைக் குடித்தபின் எவ்வளவு கனக்கும் என்பதை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. மூடுபனி இறங்கிவிட்டால் பந்து உதைக்கப்படும் கணம் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் கிளம்பும் பந்துக்குத் தண்ட உதை எல்லையின் விளிம்பிலிருந்து, அதாவது 16.5 மீற்றரிலிருந்து, கோலை அடைய முக்கால் செக்கன்கூடத் தேவையில்லை. மனிதக் கண் கண்டு உடல் அசையத் தொடங்கவே அதில் ஏறத்தாழ கால் செக்கன் போய்விடுகிறது. எஞ்சிய நேரத்தில் பாதியைப் பனி விழுங்கிக்கொண்டால், இரு உள்ளங்கைகளையும் பந்தின் பின்னே சரியாகக் கொண்டுபோய் வைப்பது எவருக்கும் இயலாத காரியம். ஒரு முட்டியை அதன் பாதையில் வைப்பது இயலும்.

கையுறைகளையும் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். கோல்காப்பாளர் கையுறையின் உள்ளங்கைப் பகுதி நுரைபோன்ற மென்மையான லேட்டெக்ஸால் ஆனது. ஆட்டத்துக்குமுன் அதைச் சற்று ஈரமாக்கினால்தான் பிடிமானம் எழும், ஆனால் அதன் நுண்துளைகளில் சேறு புகுந்து அடைத்துக்கொண்டால் அந்தப் பிடிமானம் போய்விடும். தோட்டத்து மைதானங்களில் கோல் வாயில் புல் கிடையாது, மிதிபட்ட செம்மண் சேறுதான் உண்டு. நனைந்த கையுறையை அடுத்த நாளுக்குள் காயவைக்க வெயில் கிடைக்காதபோது லயத்து அடுப்படியின் சூட்டில் தொங்கவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் லேட்டெக்ஸ் இறுகி, விரல் மடிப்புகளில் வெடித்து, உள்ளங்கை பொருக்குத் தட்டிப்போகிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நிலையில், பருவத்துக்கு இரண்டு சோடி நல்ல கையுறை என்பது ஒரு வீட்டின் பல நாள் உழைப்பு. இறப்பர்த் தோட்டங்களும் கையுறைத் தொழிற்சாலைகளும் நிறைந்த நாட்டில் இந்த நிலை என்பது தனியாகப் பேசவேண்டிய விடயம். பொருக்குத் தட்டிய உள்ளங்கையால் நனைந்த பந்தைப் பற்ற முயல்பவரைத் துணிச்சல்காரர் என்று பாராட்டுவதைவிட, முட்டியை நம்புபவரைக் கணக்குத் தெரிந்தவர் என்று ஏற்றுக்கொள்வது நியாயமானது.

உயரமும் தன் பங்கைச் செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் அந்த வித்தியாசம் இன்னும் சிறியது. அடர்த்தி குறைந்த காற்று பந்தைக் குறைவாகத் தடுக்கிறது, சுழற்றி உதைக்கப்பட்ட பந்தைக் குறைவாக வளைக்கிறது. தொலைவிலிருந்து வரும் உதை, கீழ்நாட்டில் எதிர்பார்ப்பதைவிட இமைப்பொழுதின் ஒரு சிறு பங்கு முன்னதாகவும், வளையுமென்று நினைத்த இடத்தில் வளையாமலும் வந்து சேரும். பற்றுவதற்குத் துல்லியம் வேண்டும், தட்டுவதற்குப் பாதை தெரிந்தால் போதும் என்ற வேறுபாடு இங்கே மீண்டும் நம் கோல்காப்பாளரின் பக்கமே சாய்கிறது.

கோணர் உதையைத் தானமாகக் கொடுத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டே பார்வையாளர்கள் அதிகம் சொல்வது. ஐரோப்பிய லீக் ஆட்டங்களை எண்ணிப் பார்த்தவர்களின் கணிப்பின்படி நூறு கோணர் உதைகளில் நான்கைந்துகூடக் கோலாவதில்லை. நழுவிய பந்து முன்கள வீரரின் காலடியில் விழுந்தால் என்னவாகும் என்பதற்குக் கணிப்பே தேவையில்லை. மலைச்சரிவை வெட்டி அமைக்கப்பட்ட தோட்ட மைதானத்தில், மேலே தட்டப்பட்ட பந்து கோலின் பின்னாலுள்ள சரிவில் இறங்கித் தேயிலைச் செடிகளுக்கிடையே போய்விடும். சிறுவர்கள் இறங்கி அதைத் தேடி எடுத்து மேலே எறிவதற்குள் பின்கள வீரர்கள் நால்வரும் மூச்சு வாங்கி, ஆளுக்கொரு எதிரியைத் தேடி நின்றுவிடுகிறார்கள். கூட்டம் எரிச்சலடையும் அந்த இடைவெளியைத்தான் கோல்காப்பாளர் விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்.

2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிமாற்றத்தை இதனோடு சேர்த்துப் படித்தால் விடயம் மேலும் தெளிவாகும். முன்பு கோல்காப்பாளர் பந்தைக் கையில் 6 செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மறைமுக ப்ரீ கிக் என்பது விதியாக இருந்தும், மத்தியஸ்தர்கள் அதை அரிதாகவே நடைமுறைப்படுத்தினர். இப்போது 8 செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர் உதை கிடைக்கும். கடைசி 5 செக்கன்களை மத்தியஸ்தர் கையுயர்த்தி எண்ணிக் காட்டுவார். பந்தைப் பற்றி, நெஞ்சோடணைத்து விழுந்து, எழுந்து, சேற்றைத் துடைத்து அணிக்கு ஓய்வு வாங்கித்தந்த பழைய கலை இதனால் விலையிழந்துவிட்டது. பிடித்துத் தாமதிப்பவருக்குத் தண்டனையாக விதி கொடுப்பது எதுவோ, அதையே நம் கோல்காப்பாளர் ஆபத்தை முற்றாக நீக்கிவிட்டுத் தாமாகவே கொடுக்கிறார். விதியியற்றுவோரின் கணக்கிலேயே இவ்விரண்டுக்கும் விலை ஒன்றாகிவிட்ட பின்னர் அவரைமட்டும் குறைசொல்வதற்கு இடமேது?

அவரிடம் பிழையே இல்லை என்பதல்ல. இடப்பக்கத்திலிருந்து வரும் பந்தை வலக்கை முட்டியால் குத்தும்போது உடல் முழுதும் திரும்பாததால், பந்து ஓரத்துக்குப் போகாமல் தண்ட உதை எல்லையின் நடுவே விழுகிறது. குத்திய பந்து கோலுக்கு நேரெதிரே விழுவது குத்தாததைவிடக் கேடானது. தரையோடு வரும் பந்தையும் சில வேளைகளில் காலால் தடுக்கப் பார்க்கிறார். ஆனால் இவை மாலைநேரப் பயிற்சியில் ஆறு மாதத்தில் திருத்தக்கூடிய கைப்பழக்கங்கள். எப்போது பிடிக்கக்கூடாது என்ற அறிவைப் பயிற்றுவிக்க அதைப்போலப் பல மடங்கு காலம் வேண்டும், அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கோல்காப்பாளரின் வாழ்க்கைத்தொழில் மற்ற இடங்களில் ஆடுவோருடையதைவிட நீண்டது. 1982 இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவர் 40 வயதுக் கோல்காப்பாளர். 2018 உலகக் கிண்ணத்தில் 45 வயதான ஒருவர் கோல் காத்தார். மலையகத்திலோ 23, 24 வயதிலேயே அது முடிந்துவிடுகிறது. உதைபந்தாட்டத்தோடு நிரந்தர வேலையும் சேர்த்துக் கொடுக்கக்கூடியவை இந்நாட்டில் பெரும்பாலும் முப்படைகளினதும் பொலிசினதும் அணிகளே. அவற்றுக்குள் நுழையாதவர் கொழும்பில் கடை வேலைக்கோ கட்டட வேலைக்கோ இறங்குகிறார், அதன்பின் ஆண்டுக்கு இரண்டு திருவிழாச் சுற்றுப்போட்டிகளே அவருக்கு மிஞ்சுகின்றன. பீபா விதித்த தடையினால் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை தேசிய அணியே சர்வதேச ஆட்டமின்றி இருந்த நாட்டில், மேலே ஏறும் படிகள் ஏற்கெனவே குறைவு. அந்தப் படிகளில் காலெடுத்து வைப்பவரைக் காய்ந்த, சமதளமான கீழ்நாட்டு மைதானத்தில் நிறுத்தி, பத்துப் பந்துகளை மிதக்கவிட்டு, எத்தனையைப் பிடித்தார் என்று எண்ணும் தெரிவுமுறை, அவர் கற்றுக்கொண்ட தொழிலை ஒருபோதும் கேட்பதில்லை. எண்ணவேண்டியது பிடித்த பந்துகளை அல்ல, தடுத்தபின் எதிரணியின் காலுக்கு மீண்டும் போய்ச் சேர்ந்த பந்துகளையே.

அடுத்த இரண்டு பருவங்களில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 8 செக்கன் விதி பழகப் பழக, பெரிய லீக்குகளின் பயிற்றுநர்கள் குத்துவதையும் தட்டுவதையும் மீண்டும் தனிப் பாடமாக வைப்பார்கள். அவர்கள் வைத்தபின் கொழும்பிலும் வைப்பார்கள். அப்போது மலையகத்து முறையை நவீன முறை என்று பெயர்சூட்டி மலையகத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். நம் கோல்காப்பாளரைப் பெரிய அணி ஒன்று மூன்றாவது கோல்காப்பாளராக எடுக்கும். முதல் மாதம் அவரைப் பிடிக்கச் சொல்வார்கள், அவரும் சொல்கேட்டு இரண்டு பந்துகளை நழுவவிடுவார், அதையே காரணமாகக் காட்டி ஒரு பருவம் முழுவதும் வெளியே உட்காரவைப்பார்கள். முதல் இருவரில் ஒருவருக்குத் தோள் பிசகும் நாளில் அவர் உள்ளே வருவார், வந்தபின் வெளியே போகமாட்டார். அதற்கும் முன்பாக, ஏதேனும் ஒரு ஜூலை மாதத்துப் பிற்பகலில் கொழும்பு அணியொன்று கினிகத்தேனை வளைவுகளைக் கடந்து ஹட்டனுக்கு ஏறிவரும். வெள்ளைக் கையுறை அணிந்த அதன் கோல்காப்பாளர் இடைவேளைக்கு முன்னரே ஒரு கோணர் உதையை அழகாகப் பிடிப்பார், அடுத்ததைப் பிடிக்கப்போய்த் தம் காலடியிலேயே போட்டுவிடுவார்.