சிறுமலையும் வலங்கொண்ட வழியும்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டம் காடுகாண் காதையொடு தொடங்குகின்றது. உறையூரை நீங்கித் தென்றிசை நோக்கிச் செல்லும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையோனைக் காண்கின்றனர். மதுரைக்குச் செல்லும் நெறி யாது எனக் கோவலன் வினவ, மறையோன் ஒன்றன்று, மூன்று வழிகளை எடுத்துரைக்கின்றான். கொடும்பையின் நெடுங்குளத்தை அடைந்தபின் வழி சூலத்தின் மூவிலைபோல் பிரியும் என்பது அவன் கூற்று. வலப்பக்கத்து வழியின் அடையாளமாக அவன் காட்டுவது சிறுமலை.

திண்டுக்கல் வட்டாரத்தில் வாழும் நமக்கு இப்பகுதி தனி ஈடுபாட்டைத் தருவது இயல்பு. ஆத்தூர்ச் சமவெளியில் நின்று மேற்கே நோக்கினால் பழனிமலைத் தொடரின் அடுக்குகள் தோன்றும். கிழக்கே நோக்கினால் சிறுமலை நீண்டு கிடக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் இன்று மதுரைக்குச் செல்லும் பெருவழி ஒன்று உண்டு. 1875-இல் இட்ட இருப்புப்பாதையும் இன்றைய நான்குவழிச் சாலையும் திண்டுக்கல்லைத் தொட்டு, சிறுமலையின் மேற்கடியை ஒட்டியே தெற்கே செல்கின்றன. ஆதலின் மறையோன் கூறிய வலப்பக்க வழி இதுவே எனக் கொள்ள ஆசை எழும். அவ்வாசை நம்மிடமும் இருந்தது. நூலை ஊன்றி நோக்கிய பின்னர் அதனைக் கைவிட வேண்டியதாயிற்று. அதன் காரணத்தையும், அதனால் காப்பியத்தைப் பற்றி நாம் பெறும் தெளிவையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைவழியும் குறியும்

மலைவழி கூறுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் இதற்குத் தலைசிறந்த சான்று. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு அந்நூல் காட்டும் வழி வெறும் இயற்கை வருணனையன்று. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்புறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எத்திசையில் வரும், வழுக்கும் பாறையை எதனைப் பற்றிக் கடப்பது என ஒவ்வோர் அடிக்கும் உரிய எச்சரிக்கை அதில் உண்டு. வழிகள் பிரியும் இடத்தில் பின்வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து இட்டுச் செல்லுங்கள் என்ற அறிவுரையும் உண்டு. நடந்து பழகாதவன் இதனைக் கற்பனையால் கூறுதல் அரிது.

மறையோன் கூற்று இதனினும் சுருக்கமானது. எனினும் காணும் முறைவைப்பு அதிலும் உண்டு. வலப்பக்க வழியில் முதலில் வருவன இலை உதிர்ந்த மராமும் உலர்ந்த ஓமையும் வாகையும் மூங்கிலும் கரிந்து சுருங்கிய மரலும். நீர் வேட்கையால் மான் நின்று கூவும் காடு. அப்பால் எயினர் வாழும் நிலம். அதனைக் கடந்த பின்னரே மலைநெல், கரும்பு, தினை, வரகு, காயம், மஞ்சள், கவலைக்கொடி, வாழை, கமுகு, தெங்கு, மா, பலா என வளப்பட்டியல் விரிகின்றது. இவற்றால் சூழப்பட்டே சிறுமலை கண்ணுக்குத் தோன்றுகின்றது.

இது திணை மரபு பற்றிய பட்டியலே என்று ஒதுக்கிவிடலாமோ எனின், அங்ஙனம் ஒதுக்குதற்கு இரு தடைகள் உள. ஒன்று, தினையும் மலைநெல்லும் மட்டும் இருப்பின் குறிஞ்சி மரபு எனல் பொருந்தும். முல்லைக்குரிய வரகு அவற்றோடு நிற்கின்றது. மஞ்சளும் காயமும் கமுகும் உடன் வருகின்றன. மற்றொன்று, வழிகளைக் கூறுமுன் மறையோன் பருவத்தைக் கூறிவிடுகின்றான். வேனில் முதிர்ச்சியால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவம் கொண்டுள்ளன என்பது அவன் தரும் விளக்கம். ஆகவே உலர்ந்த மரங்கள் அலங்காரமாக வந்தவை அல்ல; இன்ன காலத்தில் இன்ன நிலம் இவ்வாறு இருக்கும் என்னும் செய்தி அது. இன்றும் கோடையில் சிறுமலைக்குச் செல்வோர் அடிவாரத்தில் முட்புதரும் வறண்ட காடும் கடந்து, கொண்டையூசி வளைவுகள் ஏறி, மேலே வாழையும் பலாவும் செழித்த தோட்டங்களைக் காண்பர். காப்பியும் மிளகும் இன்று உடன் விளைகின்றன. கீழே வறட்சி, மேலே வளம் என்னும் முரண் மாறிற்றில்லை. தெங்கும் கரும்பும் மலைமுடிக்கு உரியன அல்லவே எனின், பட்டியல் மலையைச் சூழ்ந்த நிலத்தையும் சேர்த்தே கூறுகின்றது என்பதே விடை.

வலங்கொள்ளல்

இனி நம் வினாவிற்கு வருவோம். சிறுமலையை வலங்கொண்டு மதுரைக்குச் செல்லுங்கள் என்கின்றான் மறையோன். 'வலங்கொண்டு' என்னும் ஒரு சொல்லே வழியைத் துணிகின்றது.

இச்சொல்லுக்கு இரு பொருள் கொள்ளலாம். மலையைத் தம் வலக்கைப் பக்கத்தே வைத்துச் செல்லுதல் ஒன்று. கோயிலைச் சுற்றுவதுபோல் வணக்கத்தோடு சுற்றிச் செல்லுதல் மற்றொன்று. இரண்டனுள் எதனைக் கொள்ளினும் முடிபு ஒன்றே. கோயிலை வலம் வருவோர்க்கும் திருவுரு வலக்கைப் பக்கமே இருக்கும். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடப்பவனுக்கு வலக்கை மேற்கு. எனவே மலை அவனுக்கு மேற்கே நிற்றல் வேண்டும்; அவன் நடப்பது மலையின் கீழ்க்கடியில். அஃதாவது, சிறுமலைக்குக் கிழக்கே நத்தம் பகுதியை ஊடறுத்து மதுரைக்குச் செல்லும் வழியே மறையோன் கூறியது. திண்டுக்கல் வழியே செல்பவனுக்குச் சிறுமலை இடக்கைப் பக்கம் ஆகிவிடும். ஆத்தூர்ச் சமவெளியில் நின்று தெற்கு நோக்கும் எவரும் இதனை நூலின்றியே கண்டுகொள்ளலாம்.

மலைக்கு வலப்புறமாகச் செல்லுதல் என்று பொருள் கொண்டு மேற்கு வழியை நாட்டலாகாதோ எனச் சிலர் கருதலாம். வலங்கொள்ளல் என்னும் வழக்கில் வலம் என்பது செல்வானுடைய வலமே. பொருளினுடைய வலம் அன்று. ஒரு வட்டாரத்தின் பெருமைக்காகச் சொல்லின் வழக்கை மாற்றுதல் ஆராய்ச்சி ஆகாது.

இதனினும் வலிய தடை ஒன்று உண்டு. கொடும்பை என்பது இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என்பர். அங்கிருந்து மதுரைக்கு நேர்கோடு இட்டால் அது நத்தத்தின் அருகே செல்லும். வலவழியும் நத்தம் பக்கமாயின் இடைவழிக்கு இடம் யாது? மேற்கு வழியை வலவழியாகவும் நத்தம் வழியை இடைவழியாகவும் கொண்டால் மூன்றும் தெளிவாகப் பிரியுமே என்பது அத்தடை. இதன் வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் இடைவழிக்கு மறையோன் மலையோ குளமோ அடையாளமாகக் கூறவில்லை. ஊர்கள் இடையிட்ட காடுகள் என்ற அளவில் நிறுத்துகின்றான். அடையாளம் இல்லாத வழியை நிலப்படத்தில் நாமே நிறுவி, அதற்கு இடம் விடுவதற்காக அடையாளம் உள்ள வழியின் வெளிப்படைச் சொல்லைத் திரித்தல் முறையன்று.

மூவழியும் காப்பியமும்

இடைவழிக்கு அடையாளம் இல்லை என்பது காப்பியத்தை உணர்தற்கும் ஒரு திறவுகோல். மூன்று வழிகளின் குறிகளையும் ஒப்பிட்டு நோக்குவோம். வலவழியின் குறி மலை. எவர் கண்ணுக்கும் தோன்றுவது, ஏமாற்றாதது. இடவழி திருமால் குன்றத்திற்குச் செல்வது. அதன் குறிகள் பிலமும் மூன்று பொய்கைகளும். அவற்றின் பயன் நம்பினார்க்கே உரியது. பிலத்தின் வாயிலில் வினவி நிற்கும் தெய்வமகளும் உண்டு. இடைவழியிலோ அத்தகைய குறியே இல்லை. அங்குள்ளது வழிச்செல்வோரை இனிய தோற்றத்தால் தடுக்கும் தெய்வம் மட்டுமே.

கவுந்தியடிகள் தம் சமயக் கொள்கையால் பொய்கைகளின் பயனை மறுத்துரைக்கின்றார். வலவழியைப் பற்றியோ எவரும் ஒரு சொல்லும் உரையாடவில்லை. எவ்வழியைத் தேர்ந்தனர் என்பதும் உரையாடலால் அன்றி, பின்வரும் நிகழ்ச்சியால் விளங்குகின்றது. நீர்நிலை நாடிச் சென்ற கோவலன் முன் அக்காட்டுத் தெய்வம் வயந்தமாலையின் உருவில் வந்து நிற்கின்றது. அவன் மறையோன் சொல்லை நினைந்து, மந்திரத்தால் அதன் மெய்யுருவை அறிந்து உய்கின்றான்.

மலை என்னும் மெய்க்குறி உடைய வழியை விடுத்து, உருமாறித் தோன்றும் குறியுடைய வழியில் சென்றவன் கோவலன். காட்டில் அவன் பொய்த்தோற்றத்தைக் கண்டுகொண்டான். மதுரையில் பொற்கொல்லனின் தோற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை. காட்டில் முன்னரே எச்சரித்தவன் இருந்தான். நகரத்தில் எச்சரிப்பார் இல்லை. மூவழிப் பகுதியை ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கு மட்டும் பயன்படும் கிளைச்செய்தியாகக் கருதுவோர் இவ்வியைபைக் காணத் தவறுவர். வழிக்குறியை அறிதலும் மனிதனை அறிதலும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை இளங்கோவடிகள் இக்காதையில் நிறுவிய பின்னரே கதையை மதுரைக்குள் செலுத்துகின்றார்.

முடிபு

சிறுமலையின் மேற்கடிவாரத்தார்க்கு இவ்வாராய்ச்சியால் ஓர் இழப்பு நேர்கின்றது: மறையோன் காட்டிய வழி நம் ஊர்களின் ஊடே சென்றது என்று கூற இயலாது. கண்ணகி அம்மலையடியில் எப்பக்கத்தும் நடந்ததாகக் காப்பியம் கூறவும் இல்லை. அவள் நடவாத வழியின் அடையாளமாகவே சிறுமலை காப்பியத்துள் நிற்கின்றது. ஆயினும் நடவாத அவ்வழிக்கும் புலவர் பன்னிரு விளைபொருள்களை எண்ணிக் கூறி, எப்பக்கம் வைத்துச் செல்வது என்பதையும் பிழையின்றிச் சொல்லியுள்ளார். மாணவர் இக்காதையைப் பயிலுங்கால் உரையோடு நில்லாமல் நத்தம் பக்கமும் ஆத்தூர்ப் பக்கமும் நின்று அம்மலையை ஒருமுறை காண்பாராக. 'வலங்கொண்டு' என்னும் சொல்லின் பொருளை அம்மலையே உணர்த்தும்.