நாட் விமானத்தில் துரு ஏது?

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாதிரி விமானம் செய்கிறவர்கள், வண்ணம் தீட்டியதோடு நிறுத்துவதில்லை. வெயிலிலும் மழையிலும் பல மாதம் பறந்து களைத்தது போல அதற்குப் பழமை ஏற்றுவார்கள். கலைஞரின் கைத்திறன் தெரிவது இந்தக் கடைசி வேலையில்தான் என்பது அவர்கள் கட்சி. அவருடைய இயற்பியலும் அங்கேதான் தெரியும் என்பது என் கட்சி.

விருத்தாசலத்தில் மாணவர் ஒருவர் செய்த நாட் விமான மாதிரியை அண்மையில் பார்த்தேன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் சேபர் விமானங்களை எதிர்த்து உயிர் நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டிய வகை அது. விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18ஆம் படைப்பிரிவு, 2020இல் தேஜஸ் விமானங்களோடு நம் சூலூரில் மீண்டும் உயிர்பெற்றது. ஆகவே இந்தச் சிறு பொம்மையை வெறும் பொம்மையாகப் பார்க்க மனம் வரவில்லை.

மாதிரியின் அளவு 1:72. அதாவது 6 அடிக்கு 1 அங்குலம். அசலிலேயே நாட் மிகச் சிறிய விமானம். எனவே மாதிரியில் இறக்கையின் முழு அகலம் 9 செ.மீ. சொச்சம்தான். 1965 போரின்போது நம் நாட்கள் வெள்ளி நிறத்தில் பளபளத்தன. 1971இல் பச்சையும் சாம்பலுமாக உருமறைப்பு பூண்டிருந்தன. மாணவர் இதைச் சரியாகத் தெரிந்துகொண்டு தீட்டியிருக்கிறார். பூச்சும் மெல்லியது. இந்த அளவில் பூச்சு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்தாலும், அசலில் அது 7 மி.மீ. தடிப்புக்குச் சமம் அல்லவா? அந்த வகையில் அவர் கை பாராட்டுக்குரியது.

குறை பழமை ஏற்றியதில் இருக்கிறது. முதலில், இறக்கை ஓரங்களிலும் ஆணித் தலைகளிலும் செம்பழுப்பாகத் துரு. வாசகர்களே, விமானத்தின் மேல்தகடு அலுமினியக் கலவை. துரு இரும்பின் ஆக்சைடு. அலுமினியம் அரிக்கப்பட்டால் வெண்மையான பொடிதான் பூக்கும். இதை விருத்தாசலத்துக்காரருக்குச் சொல்லவேண்டியதே இல்லை. நம் பீங்கான் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: இரும்பு கலந்த மண் சூளையில் சிவக்கும், இரும்பு நீங்கிய மண் வெளுப்பாக வேகும். அந்த வெள்ளை மண்ணில் உள்ள அலுமினாவும் விமானத் தகட்டில் படியும் ஆக்சைடும் நெருங்கிய உறவு. சக்கரக் கால் போன்ற எஃகுப் பாகங்களில் துரு வரலாம். இறக்கையில் வர வழியில்லை.

அடுத்தது புகைக்கரி. மூக்கின் இரு பக்கங்களிலும் கறுப்புக் கோடுகள் இழுத்திருக்கிறார். இது ஸ்பிட்ஃபயர் போன்ற பிஸ்டன் விமானத்தின் அடையாளம். அதற்குப் புகைக்குழாய்கள் மூக்கின் பக்கவாட்டில் இருந்தன. நாட் ஜெட் விமானம். அதன் புகை வால் முனையில்தான் வெளியேறும். இறக்கையின் முன்விளிம்பில் துப்பாக்கிக் கரி பூசியதும் அப்படியே. நாட்டின் இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளும் காற்று புகும் வாய்களின் ஓரத்தில் இருந்தன. கரி அங்கே தொடங்கிப் பின்னோக்கி இழுபட வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டி ஒன்றை அப்படியே பின்பற்றியதன் விளைவு இது என்று ஊகிக்கிறேன்.

தகடுகள் சேரும் கோடுகளில் கறுப்பு மை ஓடவிட்டிருக்கிறார். மாதிரியில் 0.2 மி.மீ. கோடு அசலில் 14 மி.மீ.; ஒரு விரல் அகலம்! அப்படிப் பிளந்த விமானத்தில் யாரும் ஏறமாட்டார்கள். போரில் விமானத்தைத் துடைத்து, பழுது பார்த்து, பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்கள் தரைப்பணியாளர்கள். அளவுக்கு மீறிய இந்த அழுக்கு அவர்கள்மேல் சொல்லும் பொய்ப் புகாராகிவிடுகிறது. இதுதான் எனக்குப் பெரிய குறையாகப்படுகிறது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1:72 மாதிரியில் எல்லா நிறத்துடனும் சுமார் 15 சதவீதம் வெள்ளை கலக்க வேண்டும் என்று ஒரு விதி இக்கலைஞர்களிடையே உலவுகிறது. 30 செ.மீ. தூரத்திலிருந்து மாதிரியைப் பார்ப்பது அசலை 22 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கி.மீ. வரை கண்ணுக்குத் தெரியும் நாளில், ஒரு கி.மீ. தூரத்துக்குக் காற்று சுமார் 18 சதவீதம் வெளுக்கும். 22 மீட்டருக்கு அரை சதவீதம்கூட வராது. 5 கி.மீ.க்கு மேல் தெரியாத மூட்டமான நாளிலும் 2 சதவீதத்தை எட்டாது. தெருக்கோடியில் நிற்கும் பேருந்து வெளுத்தா தெரிகிறது?

ஆனாலும் வெள்ளை கலந்த மாதிரி கண்ணுக்கு இயல்பாகப்படுவது உண்மையே. காரணம் காற்றல்ல, விளக்கு. நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். குழல்விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறங்களின் செறிவு குறைந்து, கரும்பச்சை கறுப்பாகவே தோன்றும். ஆகவே விகிதத்தை மனப்பாடம் செய்யாமல், மாதிரி எந்த விளக்கின் கீழ் நிற்கப்போகிறதோ அங்கேயே நிறத்தைச் சோதித்துக் கலக்க வேண்டும். பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். மெருகேற்றிய பீங்கான் பொம்மையைப் போல, குழல்விளக்கின் பிம்பம் இறக்கை முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

டில்லி பாலம் அருங்காட்சியகத்துக்குப் போய் அசலைப் பார்த்துத் தீட்டலாமே என்று கேட்பீர்கள். வடிவத்துக்கு அது உதவும். ஆனால் காட்சிக்கு வைக்கும் விமானங்களுக்குப் புது வண்ணம் பூசுவது வழக்கம். பழைய அழுக்கு அங்கே கிடைக்காது. போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் நிறம் இராது என்றாலும், கரி எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பது தெளிவாகவே தெரியும்.