பேனாவும் மண்வெட்டியும்

எழுத்தின் வலிமையைப் பாடும் கவிதைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. கவியரங்குகளிலும், மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் கவிதைக் கொப்பிகளிலும் பேனா வாளாகிறது, துப்பாக்கியாகிறது. ஆனால் எழுத்து எப்படிப் பிறக்கிறது என்பதை இவை சொல்வதில்லை. இக்குறையை உணர்வதற்கு ஷீமஸ் ஹீனியின் (1939–2013) 'தோண்டுதல்' என்ற கவிதை உதவும்.

வட அயர்லாந்தின் விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்த ஹீனி, பெல்ஃபாஸ்டில் ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பாடசாலையிற் கற்பித்தவர். 1995இல் நோபல் பரிசு பெற்றவர். 1966இல் வெளியான 'ஓர் இயற்கையியலாளனின் மரணம்' என்னும் தொகுதியின் முதற் கவிதை இது.

தொடக்கத்தில் அவரது பேனாவும் துப்பாக்கியைப் போலவே கையிற் பொருந்தியிருக்கிறது. அவ்வேளை யன்னலின் கீழே தந்தை பூப்பாத்தி கொத்தும் ஓசை கேட்கிறது. அவ்வோசை அவரை இருபது ஆண்டுகள் பின்னே கொண்டுசெல்கிறது. அங்கே அதே தந்தை உருளைக்கிழங்கு தோண்டுகிறார். இன்னும் ஆழத்தில், அடுப்பெரிக்கும் கரிமண்ணைச் சதுப்பு நிலத்தில் வெட்டும் பாட்டனார் தெரிகிறார். படைப்பு இவ்வாறுதான் நிகழ்கிறதென்று கவிஞர் விளக்கவில்லை. நம் கண்முன்னே தோண்டிக் காட்டுகிறார். பாட்டனாருக்குச் சிறுவன் கொண்டுபோகும் பாற்போத்தலின் வாயைக் கடதாசியால் அடைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். கவிஞனின் கைக்குக் கடதாசி வந்தது உழைப்பாளியின் தாகத்தினூடாக என்றே நான் வாசிக்கிறேன்.

தந்தையரைப் போல் மண்வெட்டி பிடிக்கத் தன்னால் இயலாதென்பதை அவர் மறைக்கவில்லை. இறுதியில் தொடக்க வரிகள் திரும்பி வருகின்றன. துப்பாக்கி மட்டும் வரவில்லை. பேனாவே தோண்டும் கருவியாகிவிடுகிறது. 1960களின் இறுதியில் அந்த மண்ணில் மோதல் வெடிப்பதற்கு முன்னரே எழுதப்பட்ட கவிதை இது.

அப்படியானால் எழுத்துப் போராடக் கூடாதா? எம்.ஏ. நுஃமான் தமிழில் தந்த பலஸ்தீனக் கவிதைகளை வாசித்தோர் இவ்வாறு கேட்பது நியாயமே. மஹ்மூத் தர்வீஷ் போராடியவர்தான். எனினும் அவரது கவிதைகளுக்கு உரமூட்டுபவை ஒலிவ மரமும் தாய் சுட்ட ரொட்டியும் போன்ற வாழ்வின் பொருள்களே.

2009 வரை துப்பாக்கிகளின் நடுவே வாழ்ந்தவர்கள் நாம். அதை உவமையாக எடுத்தாள்வதற்கு முன் நமது இளங்கவிஞர்கள் சற்று யோசிக்க வேண்டும். அவர்களுடைய வாப்பாமார் விடியலில் வரம்பு கட்டும் மண்வெட்டியின் ஓசை அந்தக் கொப்பிகளில் இன்னும் கேட்கவில்லை. அதை எழுதட்டும். எழுத்தின் வலிமையைத் தனியே பறைசாற்ற வேண்டிய தேவை அப்போது இராது.