நுரையீரலுக்குப் பரவிய கட்டி: கத்தியின் பங்கு எவ்வளவு?

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டால் கைவிரித்துவிடுவதுதான் ஒருகாலத்து வழக்கம். 1933இல் பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில், சிறுநீரகப் புற்றுநோய் பரவிய ஒரு பெண்ணின் நுரையீரலிலிருந்து கட்டியை அகற்றினார். அந்தப் பெண் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, இதயநோயால் இறந்தார். அந்த வெற்றி இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்தது. கூடவே, தேவைக்கு மீறிய நம்பிக்கையையும் விதைத்தது.

சில நோய்களில் இந்த அறுவைக்கு நியாயம் இருக்கிறது. வளரிளம் பருவத்தினரைத் தாக்கும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் நுரையீரலுக்கே பரவும்; கீமோவுடன் அந்தக் கட்டிகளை முழுதாக அகற்றினால் சிலர் குணமே அடைகிறார்கள். விரைப் புற்றுநோயில் கீமோவுக்கு மசியாமல் எஞ்சும் டெரட்டோமா என்ற கட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சிக்கல் பெருங்குடல் புற்றுநோயில்தான். இந்த அறுவை மிக அதிகமாக நடப்பதும் அங்கேதான். 1997இல் வெளியான பன்னாட்டுப் பதிவேடு, பலவகைப் புற்றுநோய்கள் பரவிய 5,206 பேரை ஆராய்ந்தது. கட்டி முழுதாக அகற்றப்பட்டவர்களில் 36 சதவீதத்தினர் ஐந்தாண்டு கடந்திருந்தார்கள். அறுவை செய்யாதிருந்தால் ஏறக்குறைய ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார் என்று பலரும் எண்ணிக்கொண்டார்கள். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க அதில் அறுவை செய்யாத குழுவே இல்லை. ஒன்றிரண்டு கட்டி, மெல்ல வளரும் நோய், திடமான உடல் என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிப்பட்டவர் எப்படியும் சற்று நீண்ட நாள் வாழக்கூடியவர்தானே?

அறுவை மருத்துவர் டாம் ட்ரெஷர் முதலானோர் பிரிட்டனிலிருந்து நடத்திய 'புல்மிக்' ஆய்வு இதைச் சோதித்தது. பெருங்குடல் புற்றுநோய் பரவியவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் 65 பேரின் கணக்கில், அறுவை செய்தவர்களில் 38 சதவீதமும் செய்யாதவர்களில் 29 சதவீதமும் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள். இவ்வளவு சிறிய குழுவில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். என்னை உலுக்கியது அந்த 29தான். ஒருவரும் மிஞ்சமாட்டார் என்ற எண்ணம் அங்கேயே தகர்ந்துவிட்டது.

ஆய்வுக்குப் போதிய ஆள் சேரவில்லை. 93 பேரோடு நின்றுபோனது. அதனால் அறுவையால் பயனில்லை என்று இதை வைத்துத் தீர்ப்பெழுதவும் முடியாது. ஆனால், வெட்டிய நுரையீரல் திரும்ப வளராது. மார்பைத் திறந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவே, பெருங்குடல் நோயாளியிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குமுன் 38, 29 என்ற இரண்டு எண்களையும் சொல்ல வேண்டும். மெல்ல வளரும் ஒற்றைக் கட்டியென்றால், சில மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் ஒரு வழி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.